நடந்ததும் நடவாததும்

2013 ஆம் ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, என் பழைய மாணவன் ஒருவன் ஆவடியில் உள்ள என் வீட்டிற்கு வந்தான். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு சிறு பட்டறையில் அவனுக்கு வேலை. வந்தவன் கையில் ஒரு கடிதத்தின் படி இருந்தது. “சார், இதில் என்ன தவறு என்று பார்த்துச் சொல்லவேண்டும்” என்றான்.

அவனோடு வேலை செய்யும் ஒருவருக்குப் ‘பவர் பிரஸ்’ என்னும் இயந்திரத்தில் விரல் நசுங்கிவிட்டது. அருகில் நின்று கண்டவன் இவன்தான். கண்டதை ஆங்கிலத்தில் எழுதித் தருமாறு மேலாளர் கேட்டார், எழுதிக் கொடுத்தான். நாட்கள் சென்றன. அடிபட்டவருக்குச் சேரவேண்டிய தொகையைப் பற்றிப் பேச்சே எழவில்லை. போய்க் கேட்டபோது, “இயந்திரத்தின் கார்டு திறந்து கிடந்ததாக யாரும் எழுதித் தரவில்லையே” என்று விடை வந்ததாம். ‘கார்டு’ என்பது கை உள்ளே போகாதபடி மறைக்கும் தடுப்பு. “நான் எழுதித்தானே கொடுத்தேன், சார்!” என்று அவன் மனம் பொறாமல் சொன்னான்.

கடிதத்தைப் படித்தேன். அவன் எழுதியிருந்தது இது: ‘இஃப் தி கார்டு இஸ் க்ளோஸ்டு, தி ஃபிங்கர் வில் பி சேவ்டு.’

அவன் சொல்ல நினைத்தது என்ன? ‘கார்டு மூடியிருந்தால் விரல் தப்பியிருக்கும்’ என்பது. அவன் சொன்னது என்ன? ‘கார்டை மூடினால் விரல் தப்பும்’ என்பது. நல்ல அறிவுரைதான், பட்டறைச் சுவரில் எழுதி வைக்கலாம். ஆனால் அன்று அந்த நேரத்தில் கார்டு திறந்திருந்தது என்னும் செய்தி அதில் இல்லை. விரல் தப்பவில்லை என்னும் செய்தியும் இல்லை. கண்ணாற் கண்ட சாட்சியின் வாக்குமூலம், யாரோ ஒருவர் பொதுவாகக் கூறிய எச்சரிக்கையாகிவிட்டது.

நேயர்களே, இதில் என்னை மிகவும் வருத்தியது வேறொன்று. இந்த மாணவனுக்குப் பத்தாம் வகுப்பில் ஆங்கிலம் கற்பித்தவன் நான். நிபந்தனை வாக்கியங்களில் அவன் ஒரு தேர்விலும் மதிப்பெண் இழந்ததில்லை. கோடிட்ட இடத்தின் ஒரு பக்கம் ‘ஹேட்’ கண்டால் மறு பக்கம் ‘வுட் ஹேவ்’ எழுதவேண்டும் என்பது அவனுக்கு மனப்பாடம். பூட்டுக்கு ஏற்ற சாவியைப் பொருத்தப் பழகியிருந்தான். அந்தக் கதவு எந்த அறைக்குரியது என்று நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

அன்று இருவரும் உட்கார்ந்து கடிதத்தை மாற்றி எழுதினோம். முதலில் இரண்டு நேர் வாக்கியங்கள்: ‘தி கார்டு வாஸ் ஓப்பன். இட்ஸ் ஹூக் வாஸ் ப்ரோக்கன்.’ அதன் பிறகே, ‘இஃப் தி கார்டு ஹேட் பீன் க்ளோஸ்டு, தி ஃபிங்கர் வுட் ஹேவ் பீன் சேவ்டு.’ நடந்ததை நடந்ததாக முதலில் சொல்லிவிடவேண்டும். நடவாததைப் பின்னர்ச் சொல்லவேண்டும். அதன்பின் விசாரணை நடந்தது, தொகையும் கிடைத்தது. எங்கள் கடிதம் ஒன்றாலேயே கிடைத்தது என்று நான் சொல்லமாட்டேன். அடிபட்டவரின் உறவினர் பலமுறை அலைந்தார்கள்.

நம் பிள்ளைகள் இந்த இடத்தில் இடறுவதற்குக் காரணம் சோம்பல் அன்று. நம் தாய்மொழி இந்த வேலையை வேறு விதமாகச் செய்கிறது என்பதே காரணம். ஓர் எடுத்துக்காட்டுப் பாருங்கள். ‘அவன் ஏழு மணிக்கே கிளம்பியிருந்தால் இந்நேரம் அம்பத்தூர் போயிருப்பான்.’ இதை ஒரு தாய்மாமன் சொல்கிறார். மருமகன் கிளம்பினானா, இல்லையா என்பது அவருக்குத் தெரியாது. கணக்குப் போட்டுப் பார்த்து ஊகிக்கிறார். அதே வாக்கியத்தைத் தாயும் சொல்கிறாள். பிள்ளை எட்டு மணிவரை போர்வைக்குள் கிடந்ததைக் கண்டவள் அவள். மாமன் சொன்னது ஊகம். தாய் சொன்னது குறை. சொற்களோ ஒன்றே! குரலும் முகமும்தான் வேற்றுமையைக் காட்டுகின்றன.

ஆங்கிலத்தில் இவ்விருவரும் ஒரே வாக்கியத்தைச் சொல்ல இயலாது. மாமன், ‘இஃப் ஹி லெஃப்ட் அட் செவன், ஹி வில் ஹேவ் ரீச்டு அம்பத்தூர் பை நவ்’ என்பார். தாய், ‘இஃப் ஹி ஹேட் லெஃப்ட் அட் செவன், ஹி வுட் ஹேவ் ரீச்டு அம்பத்தூர் பை நவ்’ என்பாள். ‘ஹேட் லெஃப்ட்’ என்று சொன்னவுடனேயே பிள்ளை கிளம்பவில்லை என்பது வெளியாகிவிடுகிறது.

இன்னோர் எடுத்துக்காட்டு. நண்பர் ஒருவர் வீட்டு விருந்துக்கு அழைக்கிறார். ‘நேரம் இருந்தால் வருவேன்’ என்று தமிழில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ‘இஃப் ஐ ஹேவ் டைம், ஐ வில் கம்’ என்றால், வரக்கூடும் என்று பொருள். ‘இஃப் ஐ ஹேட் டைம், ஐ வுட் கம்’ என்றால், நேரம் இல்லை, வரப்போவதில்லை என்பதை நயமாகச் சொல்லிவிட்டோம். ஆங்கிலம் நன்கறிந்த நண்பர் நமக்கு இலை போடமாட்டார்!

தமிழில் குறை உண்டு என்று இதனைக் கொள்ளவேண்டா. வந்தவன் ஆணா பெண்ணா, ஒருவரா பலரா என்பதைத் தமிழ் வினைமுற்று ஒரே சொல்லில் சொல்லிவிடும். ஆங்கில வினை சொல்லாது. ஒவ்வொரு மொழியும் சிலவற்றைச் சொல்லியே தீரவேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது. வேறு சிலவற்றைப் பேசுவோர் விருப்பத்திற்கு விட்டுவிடுகிறது. ‘நீ சொல்வது நடக்கக்கூடியதா, நடவாததா?’ என்பதை ஆங்கிலம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

இங்கே மாணவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். ‘நேரம் இல்லை’ என்பது இன்றைய செய்தி. அதற்கு ‘ஹேட்’ என்னும் இறந்தகாலச் சொல் ஏன்? ‘இஃப் ஐ வேர் யூ’ என்பதில் ‘வேர்’ ஏன்? ஆசிரியர்கள் பலரும், ‘அது விதி, எழுதிக்கொள்’ என்று கூறிவிடுவார்கள். நானும் கூறியிருக்கிறேன்.

ஆனால் இதற்கு விடை நம் வீட்டிலேயே இருக்கிறது. அடுக்களையிலிருந்து தாய் உண்ண அழைக்கிறாள். பையன் தெருவில் மட்டையோடு நின்றுகொண்டே, ‘இதோ வந்துவிட்டேன்!’ என்கிறான். வந்தானா? வரவில்லை, இனிமேல்தான் வரவேண்டும். ஆயினும் சொல் இறந்தகாலச் சொல். விரைவு தோன்றக் கூறும்போது எதிர்காலச் செயலும் இறந்தகாலத்தால் சொல்லப்படும் என்று தொல்காப்பியர் இதற்கு அமைதி கூறினார். பிற்காலத்தில் பவணந்தி முனிவர் நன்னூலில் விரைவோடு மிகுதி, தெளிவு, இயல்பு என்பவற்றையும் சேர்த்தார். காலவழுவமைதி என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். ‘நாளை மழை வந்தால்’ என்னும்போதும், நாளைக்குரிய அச்சொல்லில் ‘வந்தேன்’, ‘வந்தான்’ என்பவற்றில் வரும் அதே ‘வந்த்’ தான் நிற்கிறது.

ஆகவே, சொல்லின் வடிவம் வேறு, அது குறிக்கும் காலம் வேறு. தமிழன் விரைவைக் காட்ட இறந்தகால வடிவத்தை எடுத்தான். ஆங்கிலேயன் உண்மையிலிருந்து விலகி நிற்பதைக் காட்ட அதே வடிவத்தை எடுத்தான். நேற்று என்பது இன்றிலிருந்து விலகியது. நடவாதது உண்மையிலிருந்து விலகியது. இதைச் சொன்ன பிறகு, ‘இஃப் ஐ வேர்’ என்பதைக் கண்டு என் வகுப்பில் ஒருவரும் மருளவில்லை. (இக்காலத்து ஆங்கிலேயர் பேச்சில் ‘இஃப் ஐ வாஸ்’ என்பதும் வழங்குகிறது. தேர்வில் ‘வேர்’ என்றே எழுதுங்கள், வம்பு வேண்டா.)

‘இஃப்’ வரும் பகுதியில் ‘வில்’ வரலாகாது என்னும் விதியும் பெரும்பான்மை பற்றியதே. ‘இஃப் இட் வில் ரெயின்’ என்பது தவறு. ‘இஃப் இட் ரெயின்ஸ்’ என்பதே சரி. ஆனால் ‘இஃப் யூ வில் வெயிட் எ மினிட்’ என்று ஒருவரைப் பணிவோடு கேட்கலாம். அங்கே ‘வில்’ என்பது காலத்தைக் காட்டாமல் இசைவைக் காட்டுகிறது. நம் ஊரில் வழங்கும் ‘சப்போஸ் இஃப்’ என்னும் இரட்டைத் தொடருக்கு மட்டும் எந்த அமைதியும் எனக்குத் தெரியவில்லை. இரண்டில் ஒன்று போதும்.

இவ்வளவும் விளங்கினாலும், வினை வடிவங்கள் நாவில் இல்லையென்றால் பயன் இல்லை. ‘ஹேட்’ என்று தொடங்கிவிட்டு, அடுத்து ‘வென்ட்’ சொல்வதா ‘கான்’ சொல்வதா என்று திகைத்து நிற்பவனால் வாக்கியத்தை முடிக்க இயலாது. ஆங்கில வினைகள் ஒழுங்கற்றவை என்று மாணவர்கள் முறையிடுவதுண்டு. நான் அவர்களைக் கேட்பேன்: ‘செல்’ என்பது ‘சென்றேன்’ ஆயிற்று, ‘கொல்’ என்பது ‘கொன்றேன்’ ஆயிற்று, அப்படியானால் ‘கல்’ என்பது ‘கன்றேன்’ ஆகவில்லையே, ஏன்? ‘வில்’ என்பது ‘வின்றேன்’ ஆகவில்லையே? ஒரு தமிழ்க் குழந்தையும் ‘கன்றேன்’ என்று சொல்வதில்லை. யார் அதற்கு விதி சொன்னார்கள்? காதில் விழுந்து விழுந்து வந்தது அது. ஆங்கில வினைகளும் அப்படியே வரவேண்டும்.

இனம் சேர்த்துப் படித்தால் எளிது. மாறாமலே நிற்பவை ஓர் இனம்: கட், புட், ஹிட், ஷட். ‘கட்டட்’ என்று எழுதாதீர்கள். உள்ளே ஒலி மாறுபவை ஓர் இனம்: சிங், சேங், சங், ரிங், ரேங், ரங், ட்ரிங்க், ட்ரேங்க், ட்ரங்க். முழுவதும் உருமாறி ஒரே ஓசையில் முடிபவை ஓர் இனம்: பிரிங், பிராட்; பை, பாட்; திங்க், தாட்; டீச், டாட். நாளொன்றுக்கு ஐந்து வினை போதும். வாய்விட்டுச் சொல்லவேண்டும், ஒவ்வொன்றுக்கும் நேற்று உங்கள் வீட்டில் உண்மையில் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். ஒழுங்கான வினைகளிலும் ஓர் எச்சரிக்கை: ‘வாக்’ என்பதன் இறந்தகாலம் ‘வாக்ட்’, ‘வாக்கெட்’ அன்று. ‘வாண்ட்’, ‘நீட்’ போல டகர ஒலியில் முடிபவற்றிற்கே ‘வாண்டட்’, ‘நீடட்’ எனத் தனி அசை சேரும்.

இன்னொரு தவறு எங்கள் ஆவடியைக் கொண்டே சொல்லத்தக்கது. 1955 ஆம் ஆண்டு சனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. இதை மாணவர்கள், ‘ஹேஸ் பீன் ஹெல்ட் இன் 1955’ என்று எழுதுகிறார்கள். ஆண்டோ நாளோ சொல்லிவிட்டால் அங்கே ‘ஹேஸ்’ நிற்காது. ‘வாஸ் ஹெல்ட்’ என்பதே சரி. ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையோ 1960களிலிருந்து டாங்கிகள் செய்து வருகிறது. தொடங்கியது அன்று, தொடர்வது இன்றும். ‘ஹேஸ் மேட் டேங்க்ஸ் சின்ஸ் தி நைன்டீன் சிக்ஸ்டீஸ்’ என்று இங்கே எழுதலாம். மாநாடு முடிந்துவிட்டது, தொழிற்சாலை முடியவில்லை என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

இவற்றையெல்லாம் எப்படிப் பழக்குவது என்பதில் நம் மாநிலத்திற்கு ஒரு தனி வரலாறு உண்டு. 1960களின் தொடக்கத்தில், தொடக்க நிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி அளிக்கும் பெருமுயற்சி ஒன்று இங்கு நடந்தது. முதலில் சிலர் பயில்வது, அவர்கள் பலருக்குப் பயிற்றுவிப்பது என்று உருட்ட உருட்டப் பெருகியதால், ‘மெட்ராஸ் ஸ்னோபால்’ என்று அதற்குப் பெயர் வந்தது. வாழ்நாளில் பனியைக் கண்டறியாத ஊரில் பனிப்பந்து! வாக்கிய அமைப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக வரிசைப்படுத்தி, வாய்மொழியாகப் பன்முறை சொல்லவைப்பது அம்முறை. நான் சிறுவனாக அமர்ந்திருந்த வகுப்புகள் அத்தகையவை. அவற்றை இன்று சிலர் எள்ளி நகையாடுகின்றனர். நான் நகைக்கமாட்டேன், என் நாவு திருந்தியது அங்கேதான்.

பின்னர் 1979 முதல் 1984 வரை, சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு என்னும் அறிஞர், பெங்களூரிலும் சென்னையிலும் சில பள்ளிகளில் வேறொரு சோதனை நடத்தினார். மாணவனின் கருத்து முழுவதும் பொருளில் ஈடுபட்டிருக்கும்போதே இலக்கணம் அவன் அறியாமல் உள்ளத்தில் படிகிறது என்பது அவர் கொள்கை. ஆகவே இலக்கண வரிசையை ஒதுக்கிவிட்டு, வரைபடம், கால அட்டவணை போன்றவற்றைக் கொடுத்துக் கணக்குகளை விடுவிக்கச் சொன்னார். 1987 இல் அவர் எழுதிய நூல் உலகெங்கும் ஆங்கில ஆசிரியர்களால் பேசப்பட்டது. நான் பயிற்சிக் கல்லூரியில் இருந்த நாட்களில் இதனைக் கேள்வியுற்றேன், கேட்டு மறந்தும்விட்டேன். பட்டறைக் கடிதத்தைக் கண்ட பிறகே மீண்டும் நினைத்துப் பார்த்தேன். வினை வடிவங்களுக்கு வாய்ப்பயிற்சியும், நிபந்தனை வாக்கியத்திற்குப் பிரபு வழியும் வேண்டும் என்பது என் முடிவு. இரு சாராரும் இதனை ஒப்பமாட்டார்கள்.

மறு ஆண்டு ஒரு நாள் கரும்பலகையில் ஒரு ரயில் அட்டவணை எழுதினேன். ஆவடி, திருமுல்லைவாயல், அம்பத்தூர், கொரட்டூர், வில்லிவாக்கம் என நிலையங்கள். நேரங்கள் நானே புனைந்தவை. ஆவடியில் 7-40, 8-05, 8-30 ஆகிய நேரங்களில் வண்டிகள். வில்லிவாக்கத்திற்கு 22 நிமிடம். அங்கிருந்து 10 நிமிட நடை. 8-45க்கு ஒரு நேர்முகத் தேர்வு. “எந்த வண்டியில் போகலாம்?” என்று கேட்டேன். ‘இஃப் யூ டேக் தி 8-05, யூ வில் பி இன் டைம்’ என்று விடை வந்தது. பிறகு, “இப்போது மணி 8-20, இன்னும் நடைமேடையில் நிற்கிறாய்” என்றேன். வகுப்பு சற்று நேரம் பேசவில்லை. ஒருவன் மெல்ல, ‘இஃப் ஐ ஹேட் டேக்கன் தி 8-05...’ என்று தொடங்கினான். போன வண்டி போனதுதான் என்பதை அவன் குரலிலேயே கேட்டேன். மூன்றாவதாக, “அட்டவணையில் இல்லாத 8-10 வண்டி ஒன்று இருந்தால்?” என்று கேட்டேன். அதற்குள் பூந்தமல்லியிலிருந்து பேருந்தில் வரும் ஒரு பையன் எழுந்து, “சார், எங்கள் ஊருக்கு ரயிலே கிடையாது” என்றான். “அதையே ஆங்கிலத்தில் சொல், அப்பா” என்றேன். ‘இஃப் பூந்தமல்லி ஹேட் எ ரெயில்வே ஸ்டேஷன், ஐ வுட் ஸ்லீப் டில் செவன்’ என்றான். அந்த வாக்கியத்தில் திருத்த ஒன்றும் இல்லை.

2015 டிசம்பரில் பெருவெள்ளம் வந்தது. எங்கள் பகுதியிலும் பல வீடுகளில் தண்ணீர் புகுந்தது. பள்ளி திறந்த பின், நடவாத ஒன்றைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதுமாறு வகுப்பில் சொன்னேன். ஒரு மாணவி எழுதினாள்: ‘இஃப் தி வாட்டர் ஹேட் நாட் கம் இன்டு அவர் ஹவுஸ், ஐ வுட் ஹேவ் மை நோட்ஸ் நவ்.’ பக்கத்தில் இருந்தவள், “தவறு, ‘ஹேட்’ வந்தால் ‘வுட் ஹேவ் ஹேட்’ என்று வரவேண்டும்” என்று சுவரில் தொங்கிய அட்டவணையைக் காட்டினாள். மூன்றே வரிகள் கொண்ட அந்த அட்டவணையை மாட்டியவன் நான்தான். ஆனால் தண்ணீர் வந்தது டிசம்பரில். குறிப்பேடு இல்லாதது இன்று. முன் பகுதி அன்றைக்குரியது, பின் பகுதி இன்றைக்குரியது, இரண்டும் சரி. அட்டவணையில்தான் ஒரு வரி குறைந்திருந்தது. அதை எழுதிச் சேர்த்தேன்.

அவள் எழுந்து, “பொதுத்தேர்வில் இப்படி எழுதினால் மதிப்பெண் கிடைக்குமா, சார்?” என்று கேட்டாள். ‘இஃப் ஐ வேர் தி எக்ஸாமினர், யூ வுட் கெட் ஃபுல் மார்க்ஸ்’ என்றேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. விடைத்தாளைத் திருத்தப்போகிறவன் நான் அல்லன் என்பது அந்த ‘வேர்’ என்னும் ஒரு சொல்லிலேயே அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.